கடலில் சாவது தலைவிதியா?

தமிழில் "விதி" என்கிற வார்த்தைக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, பிறக்கும்போதே பிரமன் மண்டையில் எழுதிவிட்டதாகச் சொல்லப்படும் தலைவிதி. மற்றொன்று, மனிதர்கள் கூடி உட்கார்ந்து யோசித்து, இன்ன காரியத்தை இன்ன விதமாகத்தான் செய்ய வேண்டும் என்று ஏற்படுத்திக் கொள்ளும் சட்ட விதி. முதல் விதியை எவனும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதை நம்பாதவன் நம் நாட்டில் அபூர்வம். இரண்டாவது விதி அச்சுப்போட்டுக் கையில் கிடைக்கிறது. ஆனாலும் அதைப் படித்தவன் அபூர்வம், படித்தபடி நடப்பவன் அதைவிட அபூர்வம். உழைத்துப் பிழைக்கிற மனிதன் வேலை செய்யும் இடத்தில் செத்து விழும்போதெல்லாம், இரண்டாவது விதியைச் செய்யாமல் விட்டவர்களும் செய்து மீறினவர்களும் முதல் விதிக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்ளுகிறார்கள். இந்தப் புரட்டைப் பற்றியே நாம் இன்று எழுத முன்வந்திருக்கிறோம். அதற்காக, கடலில் மீன்பிடிக்கப் போகும் விசைப்படகுகளின் பந்தோபஸ்தையும் அவற்றில் வேலை செய்யும் ஆட்களின் கதியையும் எடுத்துக் கொள்ளுகிறோம்.

"எம்.புதுப்பட்டியில் உட்கார்ந்து கொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன்? நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் கிடந்தாலே பெரிய காரியமாயிற்றே!" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். அதற்கு நாம் சொல்லும் பதில் என்னவென்றால், மருந்து அறையில் உட்கார்ந்து பட்டாசு செய்கிறவனும், படகில் நின்று வலை இழுக்கிறவனும் ஒரே சமாதானத்தைக் கேட்டுத்தான் சாகிறார்கள் என்பதுதான். நமக்கு நெருப்பு, அவனுக்குத் தண்ணீர். மற்றபடி முதலாளி சொல்லும் வார்த்தையும், உத்தியோகஸ்தர் எழுதும் ரிப்போர்ட்டும், கிழவிகள் வைக்கும் ஒப்பாரியும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

நம் பக்கத்துச் சங்கதி

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். பட்டாசு ஆலைக்கு விதி இல்லாமல் இல்லை. வேலை செய்யும் ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சான்றிதழ் பெற்ற போர்மேன் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், இவ்வளவு மருந்துக்கு மேல் கையில் வைத்துக் கொள்ளக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. இந்த விதிகளை எந்த ரிஷியும் ஞான திருஷ்டியில் கண்டு சொல்லவில்லை. முன்னால் செத்தவர்களின் பிணங்களை எண்ணிப் பார்த்து, "ஒரு அறையில் நாலு பேர் இருந்தால் நாலு பேரோடு போகும், நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் போவார்கள்" என்று கண்ட பிறகு மனிதர்கள் எழுதி வைத்த கணக்கு அது.

2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அனுமதி நிறுத்தி வைக்கப்பட்ட பிறகும் அங்கே வேலை நடந்தது என்று பின்னால் வெளியாயிற்று. 2023 அக்டோபர் 17ந் தேதி நம் சிவகாசி வட்டாரத்து ரெங்கபாளையத்தில் 13 பேர் மாண்டார்கள். மாதிரி வெடி வெடித்துப் பார்த்ததில் பறந்த தீப்பொறியால் வந்தது என்று சொல்லப்பட்டது. இந்த இரண்டு சாவுக்கும் "அவர்கள் விதி முடிந்தது" என்று சொன்னவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். விதி முடியவில்லை தோழர்களே, விதி மீறப்பட்டது! இந்த வித்தியாசத்தை அறியாத வரையில் நாம் எண்ணிக்கையில்தான் குறைவோம்.

நிற்க, நம் ஆலையிலாவது விதி என்று ஒன்று சுவரில் தொங்குகிறது. மீறினவனைக் கேட்க ஒரு சட்டப் புஸ்தகமாவது இருக்கிறது. கடலுக்குப் போகிறவன் கதி என்ன என்று பார்ப்போம்.

ஒக்கிப் புயல் காட்டிய உண்மை

2017 நவம்பர் 29ந் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உண்டாகி, மறுநாள் 30ந் தேதியே குமரிமுனைப் பக்கத்துக் கடலில் "ஒக்கி" என்ற பேருள்ள புயலாகிவிட்டது. கன்னியாகுமரி ஜில்லாவில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கரையில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக் கொண்டார்கள். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி, பூத்துறை, இரயுமன்துறை ஆகிய ஊர்களின் ஆண்மக்கள் பலர் அப்போது கடலில் இருந்தார்கள். அந்த ஊரார் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர் போனவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளிப் போய், வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து தொழில் செய்கிறவர்கள். "கடலுக்குப் போகாதே" என்று 29ந் தேதி சொன்ன எச்சரிக்கை, பல நாளைக்கு முன்னாலேயே போய்விட்டவன் காதில் எப்படி விழும்? படகில் இருந்த சாதாரண வயர்லெஸ் சில பத்துக் கடல் மைலுக்கு மேல் எட்டாது. கரையில் ரேடியோ கத்திற்று, டெலிவிஷன் கத்திற்று. கேட்க வேண்டியவனுக்கு மாத்திரம் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் மிகவும் வெட்கக்கேடானது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சர்க்கார் ஒரு கணக்குச் சொன்னது. ஊர்ப் பங்குக் கோயில்களில் பேர் எழுதினவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். நாளுக்கு நாள் கணக்கு மாறிற்று. சிலர் லட்சத்தீவில் கரையேறினார்கள், சிலர் கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் துறைமுகங்களில் போய்ச் சேர்ந்தார்கள். யார் பிழைத்தார், யார் செத்தார் என்று அறிய வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்கும் அலைந்தார்கள். டிசம்பர் 7ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்பதுதான். கடைசியில் தமிழ்நாட்டுக் கணக்கில் மாத்திரம் செத்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 200 பேரளவில் என்று தெரிய வந்தது.

நம் பக்கத்தில் ஒரு காதுகுத்து வைத்தால்கூட வாசலில் ஒருவன் மொய் நோட்டுடன் உட்கார்ந்து கொள்ளுகிறான். ஐம்பது ரூபாய் வைத்தவன் பேரும், அவன் தகப்பன் பேரும், ஊர்ப் பேரும் அதில் விழுகிறது. பத்துப் பன்னிரண்டு உயிர்கள் ஒரு படகேறிப் பல நாள் பிரயாணம் போகும்போது, அவர்கள் பேரை எழுதிக் கரையில் வைக்க ஒரு நோட்டு இல்லை! ஐம்பது ரூபாய்க்கு உள்ள மதிப்பு ஒரு தொழிலாளியின் உயிருக்கு இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இத்துடன் துயரம் தீரவில்லை. காணாமற் போனவனைச் செத்தவன் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருஷம் செல்ல வேண்டும். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. அதுவரை அவன் பெண்ஜாதி விதவையும் அல்ல, சுமங்கலியும் அல்ல. உதவித் தொகையும் கிடையாது. ஒக்கியில் போனவர்களுக்காக ஜனங்கள் கூச்சலிட்ட பிறகுதான் அந்த ஏழு வருஷத்திற்கு விலக்குக் கொடுத்து, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. படகு புறப்படும்போது எழுதிய ஒரு பேர்ப் பட்டியல் இருந்திருந்தால் இந்தக் கூச்சலில் பாதிக்கு இடமே இருந்திராது.

உலகம் செய்த விதி

இனி ஒரு விசித்திரத்தைக் கேளுங்கள். ஜெனிவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் மீன்பிடித் தொழிலாளருக்கென்று 2007இல் ஒரு ஒப்பந்தம் செய்தது. அதற்கு 188ஆம் ஒப்பந்தம் என்று பேர். போதுமான தேசங்கள் கையெழுத்திட்டு அது அமலுக்கு வந்த நாள் 2017 நவம்பர் 16. அதாவது ஒக்கிப் புயலுக்குச் சரியாக இரண்டு வாரம் முந்தி.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? சந்திரனைப் பிடித்துத் தரச் சொல்லவில்லை. படகில் ஏறும் ஒவ்வொருவர் பேரையும் எழுதி, ஒரு நகலைக் கரையில் பொறுப்புள்ளவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறது. படகைப் பத்திரமாக நடத்தப் போதுமான ஆட்கள் இருக்க வேண்டும், நடத்துகிறவன் தகுதியுள்ளவனாக இருக்க வேண்டும் என்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பையனைச் சாதாரணமாகச் சேர்க்கக் கூடாது, ஆபத்தான வேலைக்கு 18 வயது வேண்டும் என்கிறது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் ஒவ்வொருவனுக்கும் 24 மணி நேரத்தில் 10 மணியும், வாரத்தில் 77 மணியும் ஓய்வு வேண்டும் என்கிறது. வைத்தியர் பார்த்துச் சான்று தர வேண்டும், கூலி விவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. இவ்வளவுதான். ஒரு சாதாரணக் குடித்தனக்காரன் தன் மாட்டுக்குப் பார்க்கிற பக்குவத்தை மனிதனுக்கும் பார் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

தாய்லாந்து தேசம் 2019இல் இதை ஏற்றுக்கொண்டது. ஆசியாவில் அதுதான் முதல். நம் இந்திய சர்க்கார் நாம் இதை எழுதும் வரையில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு முன்னால் 1977இல் ஸ்பெயின் தேசத்து டொரெமொலினோஸ் நகரில் கூடி மீன்பிடிக் கப்பல்களின் பந்தோபஸ்துக்காக ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். அது 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு உரியது. போதுமான தேசங்கள் சேராததால் அது அமலுக்கே வரவில்லை. நம் தமிழ்நாட்டு விதியோ, 24 மீட்டருக்கு மேல் நீளமான மீன்பிடிப் படகே கூடாது என்கிறது. உலகத்தார் எழுதின விதி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் நம் படகு முடிந்துவிடுகிறது! நடுவிலே நம் தொழிலாளி, உறியிலிருந்தும் நழுவி, ஏந்தின கையிலும் விழாத சட்டி போல ஆகிறான்.

நம்மிடமும் 1983ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குச் சட்டம் இருக்கிறது. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் நடந்த சண்டையின் மேல் வந்த சட்டம் அது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று எல்லை கட்டினார்கள். பதிவு வேண்டும் என்றார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது என்று தடைக்காலமும் இருக்கிறது. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்காக! மீனின் வம்சத்தைக் காக்க 61 நாள் யோசித்த நாட்டில், மீன் பிடிக்கிறவன் உறங்க வேண்டிய 10 மணி நேரத்தைப் பற்றி யோசிக்க ஆளில்லை. தடைக்காலத்தில் உத்தியோகஸ்தர்கள் வந்து படகுகளைச் சோதிக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அன்றைக்குப் படகில் இருந்த லைஃப் ஜாக்கெட் மறு மாதம் நடுக்கடலில் ஆளின் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார் என்றுதான் கேட்கிறோம்.

ஆள் குறைந்தால் உயிர் குறையும்

"புயலை விதி போட்டு நிறுத்த முடியுமா?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். நிறுத்த முடியாது. ஆனால் கடலில் சாகிறவர்கள் எல்லாரும் புயலில் சாகிறார்களா? 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து புறப்பட்ட படகை ஒரு பெரிய கப்பல் மோதிவிட்டுப் போயிற்று. மாண்டவர்களில் பலர் குமரி ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். 2021 ஏப்ரலில் பேப்பூரிலிருந்து போன படகை மங்களூர்க் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மோதிற்று. அதில் தமிழர்களும் வங்காளிகளுமாக 14 பேர் இருந்தார்கள். இருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அன்றைக்குப் புயலா அடித்தது?

கடலில் போகும் எந்தக் கலமும் எந்த நேரமும் கண்ணும் காதும் வைத்துப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும் என்று 1972ஆம் வருஷத்து உலகக் கப்பல் மோதல் தடுப்பு விதி சொல்லுகிறது. பெரிய கப்பலுக்கும் அதே விதி, சின்னப் படகுக்கும் அதே விதி. பெரிய கப்பல்காரன் மீறினால் அவனைக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் நம் படகில் இராத்திரி கண் விழித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? விடியற்காலம் முதல் வலையும் தூண்டிலும் இழுத்து, மீனைத் தரம் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, கை மரத்துப் போனவன்தான் இராத்திரியும் விழித்திருக்க வேண்டும். இரண்டு ஆளைக் குறைத்தால் இரண்டு பங்கு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிறவன், அந்த இரண்டு ஆளோடு இரண்டு ஜோடிக் கண்களையும் கரையில் விட்டுவிட்டுப் போகிறான் என்பதை எண்ணுவதில்லை. ஆகவே ஒரு படகில் எத்தனை பேர் வேண்டும், அவர்கள் எவ்வளவு நேரம் உறங்க வேண்டும் என்பது தயவு தாட்சணியத்துக்குரிய காரியமல்ல. உயிர் தப்புவதும் தப்பாததும் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்கிறோம். சிவகாசியிலிருந்து பட்டாசுப் பாரம் ஏற்றிச் சென்னைக்கு லாரி ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று வழி நெடுகக் கேட்கிறார்கள். பன்னிரண்டு உயிர்களை ஏற்றிக் கொண்டு இருநூறு கடல் மைல் போகிறவனிடம் என்ன படித்தாய், நட்சத்திரம் பார்க்கத் தெரியுமா, வயர்லெஸ் பேசத் தெரியுமா, நெருப்புப் பிடித்தால் அணைக்கத் தெரியுமா என்று கேட்கிறவர் யார்? பெரிய கப்பலின் தலைவனுக்குச் சான்றிதழ் கேட்கிற சட்டம் நம் விசைப்படகுகளில் பெரும்பாலானவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. படிப்பிக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. கொச்சியில் 1963 முதலே மத்திய சர்க்காரின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிலையம் இருக்கிறது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்குக் கிளை இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளையை அனுப்பத்தான் விதி இல்லை.

பங்காளி என்னும் புரட்டு

இதிலே முதலாளிகளின் ஒரு சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். படகுத் தொழிலில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து, படகுக்கு ஒரு பெரும் பங்கு போக, மிச்சத்தை ஆட்கள் பிரித்துக் கொள்ளுகிறார்கள். "ஆகையால் அவன் கூலியாள் அல்ல, பங்காளி, பங்காளிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படகு லாபம் கண்டால் அவன் கூலியாள், படகு முழுகினால் அவன் பங்காளி! நம் பக்கத்தில் எண்ணிக்கைக் கூலி கொடுத்து, "அவனே வேகமாகச் செய்தான், நானா செய்யச் சொன்னேன்?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தப் புரட்டை அறிந்துதான், பங்குக்கு வேலை செய்கிறவனும் மீன்பிடித் தொழிலாளியே என்று 188ஆம் ஒப்பந்தம் வெட்ட வெளிச்சமாக எழுதி வைத்தது. அதை நம்மவர்கள் ஏற்கத் தயங்குவதன் இரகசியம் இதிலிருந்தும் ஒருவாறு விளங்கும்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இப்படித்தான் சொன்னார்கள்

கடல் சாவைத் தலைவிதி என்று சொல்லுவது நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, ஓட்டைக் கப்பலை இன்ஷூர் செய்து அனுப்பிவிட்டு, முழுகினால் "கடவுள் சித்தம்" என்று பணத்தை வாங்கிக் கொண்டவர்கள் இருந்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்கிற பார்லிமெண்டு மெம்பர் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று வெளிப்படுத்தி, 1875இல் பார்லிமெண்டிலேயே முதலாளிகளை வில்லன்கள் என்று கூவினார். 1876இல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு முழுகும்படி பாரம் ஏற்றக் கூடாது. ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கு இருந்த சக்தி அத்தனை வருஷத்துப் பிரார்த்தனைக்கு இல்லாமற் போயிற்று!

அதே இங்கிலாந்தில் ஹல் என்கிற மீன்பிடி நகரத்தில் 1968 ஜனவரி, பிப்ரவரியில் மூன்று மீன்பிடிக் கப்பல்கள் அடுத்தடுத்து முழுகி 58 பேர் மாண்டார்கள். அவற்றில் ஒன்று வயர்லெஸ் ஆபரேட்டர் இல்லாமலேயே புறப்பட்டது. பத்து நாளுக்கு மேல் அதனிடமிருந்து சத்தமில்லை, தேடுவாரும் இல்லை. கப்பல்காரர்களின் பெண்டிர் பொறுக்கவில்லை. மீன் ஆலையில் வேலை செய்த லிலியன் பிலொக்கா என்கிற அம்மையார் முன்னின்று, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, லண்டன் வரை போய் மந்திரிகளிடம் கேட்டார். என்ன கேட்டார்? நஷ்ட ஈடா கேட்டார்? ஒவ்வொரு கப்பலிலும் முழு நேர வயர்லெஸ் ஆபரேட்டர் வேண்டும், போதுமான பழகிய ஆட்கள் வேண்டும், பந்தோபஸ்துச் சாமான்கள் வேண்டும், வைத்தியருடன் கூடிய துணைக் கப்பல் வேண்டும் என்று கேட்டார். பெற்றும் விட்டார். அதற்குப் பிரதிபலனாக முதலாளிகள் அவரை வேலையை விட்டு நீக்கி, வேறு எங்கும் வேலை கிடைக்காமல் செய்தார்கள். ஆண்பிள்ளைகள் சிலரே "பெண்ணுக்கு இதில் என்ன வேலை" என்று வைதார்கள். குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார்ந்த நம் தாய்மார்களுக்கும் இதே வசவு கிடைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஐஸ்லாந்து என்கிற பனித்தீவில் 1985இல் கடல் தொழிலாளிகளுக்கு உயிர் தப்பும் வித்தை கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள். அதைக் கற்காதவன் கப்பலில் ஏறக் கூடாது என்று பின்னால் விதி செய்தார்கள். 2008ஆம் வருஷத்தில் அந்த நாட்டுக் கடல் தொழிலாளி ஒருவன்கூடக் கடலில் சாகவில்லை. நம் கடலைவிடக் குளிரும் கொந்தளிப்பும் மிகுந்த கடல் அது. பிரமன் அந்த வருஷம் ஐஸ்லாந்துக்காரன் மண்டையில் எழுத மறந்துவிட்டானா? அல்லது அவன் எழுத்தைப் பள்ளிக்கூடம் அழித்துவிட்டதா? தலைவிதிக்காரர்கள் பதில் சொல்லட்டும்.

உலகம் முழுவதும் வருஷத்துக்கு 24,000 மீன்பிடித் தொழிலாளிகள் சாவதாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1999இல் மதிப்பிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேல் என்று 2022இல் வந்த ஒரு ஆராய்ச்சி கூறிற்று. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன்? எண்ணுவாரில்லாமல் செத்தவர்கள் அவ்வளவு பேர் என்பதுதான் காரணம்.

சில ஆட்சேபணைகள்

"லைஃப் ஜாக்கெட் போட்டால் வேலை ஓடாது, மீனவனே அதை விரும்பவில்லை" என்பார்கள். வாஸ்தவம். வெயிலில் புழுங்கும், வலையில் மாட்டும். அப்படியானால் வேலைக்கு இசைந்த மெல்லிய ஜாக்கெட்டைச் செய்து கொடுப்பது சர்க்கார் கடமை. போர்மேன் பார்க்காதபோது பட்டாசுத் தொழிலாளியும்தான் விதியை மறக்கிறான். அதற்காக விதியை எடுத்துவிடுகிறோமா, போர்மேனை நிற்க வைக்கிறோமா?

"சின்னப் படகுக்காரன் ஏழை, செலவு தாங்காது" என்பார்கள். அதுவும் வாஸ்தவம். ஆனால் செத்த பிறகு குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுக்கப் பணம் இருந்த சர்க்காருக்கு, சாகுமுன் வயர்லெஸ்ஸும் ஜாக்கெட்டும் கொடுக்கப் பணம் இல்லையா? ஒக்கிக்குப் பிறகு விண்கோள் மூலம் படகுக்குச் சேதி அனுப்பும் கருவிகளைக் கொடுக்க ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கருவி தானாகப் பேசாது. பேசத் தெரிந்த ஆள் படகில் இருக்க வேண்டும்.

"கடலம்மா காப்பாற்றுவாள்" என்பார்கள். புதுப் படகு இறக்கும்போது ஒருவன் தேங்காய் உடைக்கிறான், எலுமிச்சம்பழம் நசுக்குகிறான். ஒருவன் பாதிரியாரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கிறான். ஒருவன் பாத்தியா ஓதுகிறான். ஒக்கியில் முழுகின படகுகளில் இவற்றில் ஒன்றும் நடக்காத படகு எது என்று காட்ட முடியுமா? இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்று பார்க்காமல் கடல் எல்லாரையும் ஒன்றாகவே முழுங்குகிறது. மிதக்கத் தெரிந்த பொருளை மாத்திரம் முழுங்குவதில்லை. படகு இறக்கும் அன்று ஆகும் செலவில் பாதியைக் கொடுத்தாலே எல்லா ஆளுக்கும் மிதக்கிற சட்டை வாங்கிவிடலாம்.

நாம் கேட்பது

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது இதுதான்:

1. கரையை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு படகும், அதில் ஏறும் ஒவ்வொருவர் பேரும் ஊரும் எழுதிய பட்டியலைக் கரையில் ஒப்படைத்துவிட்டே போக வேண்டும். வங்காளத்திலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் பேரும் அதில் இருக்க வேண்டும்.

2. இத்தனை நாள் பிரயாணத்துக்கு இத்தனை ஆள் என்று விதி செய்து, 10 மணி ஓய்வைக் கட்டாயமாக்க வேண்டும்.

3. பல நாள் தங்கும் படகை நடத்துகிறவனுக்குப் பயிற்சியும் சான்றும் வேண்டும். அந்தப் பயிற்சியைச் சர்க்கார் இலவசமாக, தடைக்கால 61 நாளில், துறைமுகத்திலேயே கொடுக்க வேண்டும்.

4. பங்கானாலும் சம்பளமானாலும் படகில் ஏறினவன் தொழிலாளியே என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

5. 188ஆம் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும்.

எம்.புதுப்பட்டித் தோழர்களுக்கும் சுற்று வட்டாரத்தாருக்கும் ஒரு வார்த்தை. மேற்படி ஐந்தும் கடலுக்குத்தானே என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலுக்கு மேல் ஐந்தாவது ஆள் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் பேரெல்லாம் நோட்டில் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். போர்மேன் எங்கே என்று கேளுங்கள். ஒருவன் கேட்டால் வேலை போகும். அறையில் உள்ள எல்லாரும் சேர்ந்து கேட்டால் முதலாளி பதில் சொல்லித்தான் தீர வேண்டும். கேட்காமல் இருந்து செத்தால், "விதி முடிந்தது" என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் இடங்கொடாதீர்கள்.